எத்தனை நாளாக வலி?

அந்த அட்டையை முதலில் பார்த்தபோது பஸ் பாஸ் என்றுதான் நினைத்தேன். அதே அளவு, அதே வழவழப்பு, மூலையில் மகளின் போட்டோ. பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவள் இன்ஜினியரிங் சேர்ந்த முதல் மாதம். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இன்னாடி இது?"

"இன்சூரன்ஸ் கார்டும்மா. காலேஜ்ல எல்லாருக்கும் குடுத்துகீறாங்க. உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில பெட்ல சேர்த்தா இதைக் காட்டினா போதும். பில்லை கம்பெனி கட்டிடும்."

"சும்மாவா?"

"சும்மா யாரு தருவா? ஃபீஸ்லயே புடிச்சிட்டாங்க."

"வருசம் பூரா உனுக்கு ஒண்ணும் வரலேன்னா அந்தக் காசு திரும்பி வருமா?"

"வராது."

"நோவு வந்தாத்தான் லாபமா? நல்லா கீதுடி உங்க கம்பெனி கதை."

அவள் சிரித்தாள். அட்டையோடு ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. கடுகு உதிர்த்ததுபோல் எழுத்து, அத்தனையும் இங்கிலீஷ். புரட்டிப் புரட்டி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். படுக்கையில் சேர வேண்டும். போய் மாத்திரை வாங்கி வந்தால் செல்லாது. இதற்கென்று அங்கே ஒரு மேசை போட்டிருப்பார்கள், அந்த மேசையில் அட்டையைக் கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கங்களில் எதற்கெல்லாம் கம்பெனி தராது என்று போட்டிருக்கிறது, அதை அப்புறம் படித்துச் சொல்கிறேன் என்று மூடி வைத்துவிட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை. நானும் கேட்கவில்லை. தருவதைக் கேட்டுக்கொண்டேன், தராததை விட்டுவிட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. என் தாயும் தகப்பனும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், அரசாங்க வேலைக்காரர்கள் குடியிருக்கிற இடத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆயா வேலை கிடைத்தது. கழுத்தில் போட்டோ வைத்த அட்டை, மாதம் பிறந்தால் சம்பளம். முதல் மாதம் கைநாட்டு வைத்தேன். அந்த மை விரலை விட்டுப் போக மூன்று நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றேன். பிறகு நான் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. இதை எழுதவும் எனக்கு நாள் பிடிக்கிறது, ஆனால் என் கையால்தான் எழுதுகிறேன்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பழகியவர்கள் எங்கள் தெருக்காரர்கள். மகளுக்கு ஏழு வயதில் ஒரு ஜுரம் வந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் "எத்தனை நாளா?" என்றார். "ரெண்டு நாளா" என்றேன். மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். நான்கு நாள் கழித்து மறுபடி போனேன், மறுபடி மாத்திரை. மூன்றாவது தடவை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மீன்காரப் பெண்பிள்ளை திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு நாளு மூணு நாளுன்னு சொன்னா எவன் பாப்பான்? மாசக் கணக்குல சொல்லுமே. அப்பத்தான் ரத்தம் எடுப்பான்."

ஒரு மாதமாக ஜுரம் என்றேன். ரத்தம் எடுத்தார்கள். டைபாய்டு என்று தெரிந்தது. பிள்ளை பிழைத்தது அந்தப் பொய்யால்தான் என்று நான் வெகுநாள் நம்பினேன். அதற்குப் பிறகு நாங்கள் நாளை வாரம் ஆக்குவோம், வாரத்தை மாதம் ஆக்குவோம். மகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். டாக்டர் கேட்கும்போது அவள் தயங்கினால் மேசைக்குக் கீழே தொடையில் ஒரு கிள்ளு. "ரொம்ப நாளா வலிக்குது சார்" என்று உடனே சொல்லிவிடுவாள். கெட்டிக்காரப் பிள்ளை.

அவள் இரண்டாம் வருடம் படிக்கும்போது, ஒரு நாள் காலை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போன் வந்தது. அவளோடு விடுதி அறையில் தங்கியிருந்த பெண் பேசினாள்.

"ஆன்ட்டி, பயப்படாதீங்க. அவளுக்கு வயிறு ரொம்ப வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். கார்டு இருக்கு, லிஸ்ட்ல இருக்கிற ஆஸ்பத்திரிதான். நீங்க வாங்க."

பயப்படாதீங்க என்று ஒருவர் சொன்ன பிறகு எப்படிப் பயப்படாமல் இருப்பது? மறைமலைநகரில் கார் சாமான் செய்கிற தொழிற்சாலையில் என் வீட்டுக்காரர் லோடு ஏற்றுகிற வேலையில் இருந்தார். அவருக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்று நின்று ஆள் ஏற்றியது. செங்கல்பட்டில் இறங்கி வேறு பஸ் மாறி, பெருஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்குள் நான் நுழைந்தபோது மணி ஒன்று இருக்கும்.

மகள் ஒரு கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். கையில் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஊசி போட்டிருந்ததால் கண் திறக்கவில்லை. உதடு வெளுத்துக் கிடந்தது. நெற்றியைத் தொட்டேன், சுட்டது. அறைத்தோழி அட்டையை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் மேசைக்குப் போயிருந்தாள். ஓர் இளவயது டாக்டர் கையில் தாளோடு வந்தார்.

"நீங்கதான் அம்மாவா? எத்தனை நாளா இந்த வலி இருக்கு?"

என் வாய் தானாகத் திறந்தது.

"நாளு கணக்கா டாக்டர்? அஞ்சு வருசமா கீது. மாசத்துல ரெண்டு தடவ துடிச்சிப் பூடுவா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். அஞ்சு வருஷம் என்று இரண்டாவது தடவையும் கேட்டு எழுதிக்கொண்டார். நன்றாகச் சொன்னோம், இனி நன்றாகப் பார்ப்பார்கள் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. உண்மையில் அவளுக்கு அதற்கு முன் வயிற்றுவலி என்று ஒரு நாள்கூட வந்ததில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டரம்மா வந்து பார்த்தார். ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"அப்பெண்டிக்ஸ். நல்லா வீங்கியிருக்கு. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடணும். உள்ள உடைஞ்சுதுன்னா கஷ்டம்."

சரி, எடுங்கள் என்றேன். அட்டைதான் இருக்கிறதே என்று மனசுக்குள் ஒரு தைரியம். அறைத்தோழிக்கு அன்றைக்குப் பரீட்சை, அவளை அனுப்பி வைத்தேன்.

இரண்டரை மணிக்கு இன்சூரன்ஸ் மேசைக்காரர் என்னைக் கூப்பிட்டார். முன்னால் ஒரு பேக்ஸ் மெஷின், பக்கத்தில் பாதி குடித்த டீ.

"ஏம்மா, அஞ்சு வருஷமா வலின்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"போச்சு. கம்பெனியிலேருந்து முடியாதுன்னு பதில் வந்திடுச்சு."

"இன்னா முடியாது?"

"பொண்ணு காலேஜ்ல சேர்ந்து ஒண்ணரை வருஷம்தான் ஆகுது. கார்டும் அன்னையிலேருந்துதான். நோய் அஞ்சு வருஷமா இருக்குன்னு கேஸ் ஷீட்ல எழுதியிருக்கு. சேர்றதுக்கு முன்னாடியே இருந்த நோய்க்கு இந்தக் கார்டுல தரமாட்டாங்க. புத்தகத்துல கடைசிப் பக்கத்துல போட்டிருக்குமே, படிக்கலையா?"

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த அப்புறம் படிக்கிற பக்கம்.

"சார், அது பொய் சார். அஞ்சு வருசம்லாம் இல்ல. அவளுக்கு வயித்து வலியே வந்ததில்ல."

அவர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, தினமும் பார்த்துச் சலித்த சிரிப்பு அது.

"எல்லாரும் இதைத்தான்மா சொல்றாங்க. கார்டு செல்லாதுன்னு சொன்ன உடனே நோய்க்கு வயசு குறைஞ்சிடும்."

ஐந்து மணி வரைக்கும் பார்ப்பேன் என்றார். அதற்குள் கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நாங்கள் முன்பணம் கட்ட வேண்டும், அல்லது ஆம்புலன்ஸ் வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த பருவத்து ஃபீசுக்கு என்று எடுத்து வைத்த பணம் ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அதைக் கட்டினால் அவள் படிப்பு அத்தோடு நிற்கும். கட்டாவிட்டால், அந்த வீங்கின வயிற்றோடு அவளை வண்டியில் ஏற்ற வேண்டும்.

மூன்று மணிக்கு என் வீட்டுக்காரர் கம்பெனி சட்டையோடு, கிரீஸ் கையோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன்மே, வாயத் தொறந்தா அஞ்சு வருசமா? அஞ்சு நாளுன்னு சொன்னா பல்லு கொட்டிடுமா?"

"நீ இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு முணுமுணுத்தார்.

"நானா? பத்துன்னு சொல்லியிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

"வண்டிய வச்சி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு பூடலாம். அங்க காசே வாணாம்," என்றார்.

"வழில உடைஞ்சா?"

 நான் எழுந்து டாக்டரம்மா அறைக்குப் போனேன்.

பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷத்தில் ஒரு சாக்பீஸ் காணாமல் போனதென்று யாரும் என்னைக் கேட்டதில்லை. பணம் கிடைத்தாலும் பென்சில் கிடைத்தாலும் ஆபீசில் கொண்டுபோய் வைப்பேன். ஆயாம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று ஹெட்மாஸ்டர் பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்த நான் இந்த அறைக்கு வெளியில் நின்று, கதவைத் தட்டக் கையைத் தூக்கி, இரண்டு தடவை இறக்கினேன்.

"டாக்டர், மத்தியானம் அந்தச் சின்ன டாக்டரு கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"அஞ்சு வருசமா வலின்னு சொன்னேன். நேத்துதான் வந்திருக்கும்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அப்பிடிச் சொன்னாத்தான் நல்லா பாப்பீங்கன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் உறைத்தது.

"நீங்க சொல்றதை வச்சுத்தானேம்மா நாங்க வைத்தியம் பண்றோம். பழைய வலின்னு நினைச்சு, பொறுமையாப் பார்க்கலாம்னு நான் விட்டிருந்தா?"

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி. இப்ப எதை நம்பறது? முதல்ல சொன்னதையா, கார்டு செல்லாதுன்னு தெரிஞ்சப்புறம் சொல்றதையா?"

பொய் சொன்னபோது என்னை ஒருவரும் சந்தேகப்படவில்லை. உண்மையைச் சொல்ல வந்தபோது காட்டுவதற்கு என் கையில் ஒன்றுமே இல்லை. வராத வலிக்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது?

"பொண்ணு முழிச்சிட்டாளா?" என்று நர்ஸைக் கேட்டார். அரைகுறையாக விழித்திருக்கிறாள் என்றாள். டாக்டரம்மா எழுந்தார்.

"நானே அவகிட்ட கேக்கறேன். நீங்க ரெண்டு பேரும் உள்ள வரக்கூடாது. சத்தமும் வரக்கூடாது."

கட்டிலைச் சுற்றிப் பச்சைத் துணி இழுத்துவிட்டார்கள். நாங்கள் துணிக்கு இந்தப் பக்கம். கீழே டாக்டரம்மாவின் செருப்பு மட்டும் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது.  இவள் நான் வளர்த்த பிள்ளை. டாக்டர் எத்தனை நாளா என்று கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று கிள்ளிக் கிள்ளி நான் பழக்கிய பிள்ளை. மயக்கத்தில் இருக்கிறவள் வாயில் பழக்கம்தானே முதலில் வரும்? "ரொம்ப நாளா வலிக்குது" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. கிள்ளிச் சொல்ல வைக்க எனக்குத் தெரியும். சொல்லாதே என்று தடுக்க, நடுவில் துணி.

"கண்ணைத் திறம்மா. நான் சர்ஜன். இந்த வலி உனக்கு எத்தனை நாளா இருக்கு?"

 என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் துணிக்குள் பாய்ந்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"கேக்குதா? எத்தனை நாளா?"

மகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறமாதிரி வந்தது.

"எங்கம்மா வந்துட்டாங்களா?"

"வந்திருக்காங்க."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

கண்ணை மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

 டாக்டரம்மாவின் செருப்பு ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

"அம்மா சொன்னது இருக்கட்டும். வயிறு உன்னோடது. நீ சொல்லு."

சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டில் தொங்குகிற கம்பி ஒரு தடவை கிறீச்சிட்டது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நேத்து மத்தியானம்," என்றாள் மகள். "லேப்ல நின்னுகினு இருந்தேன். தொப்புள்கிட்ட வலிச்சிது. சாப்பாடு ஒத்துக்கலைன்னு நெனச்சேன். நைட்டு வாந்தி. அப்புறம் வலி கீழ எறங்கி வலது பக்கம் வந்துடுச்சி."

"அதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா?"

"இல்ல டாக்டர்."

"ஸ்கூல் படிக்கும்போது?"

"வந்ததே இல்ல."

டாக்டரம்மா துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். எங்களைப் பார்க்காமல் நர்ஸிடம் சொன்னார். "தொப்புள்ள ஆரம்பிச்சு வலது பக்கம் இறங்கியிருக்கு. ஒரு நாள் கதைதான் இது, ஸ்கேனும் அதையேதான் சொல்லுது. லெட்டர் எழுதறேன், பேப்பர் கொண்டா."

அவர் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினார். முதலில் சொன்னது தப்பு என்று தாயும் எழுதித் தரவேண்டும் என்றார். மேசைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மை டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"நான் எழுதிடறேன்மா. நீங்க கட்டை விரலை வச்சாப் போதும்."

"பேனா குடு சார்."

"மணி நாலு இருபதும்மா."

"குடு சார்."

எழுதினேன். ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். மேசைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், என் வீட்டுக்காரர் என் தோள்மேல் எட்டிப் பார்த்தார். "தவறுதலாகச் சொல்லிவிட்டேன்னு போடுங்க, அது போதும்" என்றார் மேசைக்காரர். தவறுதலாக என்பது நீளமான வார்த்தை. தவிர, நான் தவறுதலாகச் சொல்லவில்லை. 'மதியம் நான் சொன்னது பொய். என் மகளுக்கு நேற்றுதான் வலி வந்தது' என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன். என் வாழ்நாளில் அதற்குமுன் நான் கையெழுத்துப் போட்டது சம்பளம் வாங்க மட்டும்தான்.

அவர் அதைத் தமிழிலேயே அனுப்பி, பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு வரி சேர்த்தார். என் எழுத்து மெஷினுக்குள் மெல்ல மெல்ல இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு காத்திருந்தோம். நாலே முக்காலுக்கு மேசைக்காரர் போனில் யாரிடமோ பேசினார். ஐந்துக்குச் சலித்துக்கொண்டே இன்னும் பத்து நிமிஷம் என்றார். அந்தப் பக்கம் மகள் முனகத் தொடங்கியிருந்தாள். ஜுரம் ஏறியிருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். என் வீட்டுக்காரர் எழுந்து, வீட்டுக்குப் போய் ஃபீஸ் பணத்தை எடுத்து வருகிறேன் என்று செருப்பை மாட்டினார். பத்தடி போயிருப்பார். மெஷின் கிர்ரென்று தாளைத் துப்பியது.

மேசைக்காரர் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை படித்தார்.

"யோவ் அண்ணாத்த, நில்லு," என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார். "ஒத்துக்கிட்டாங்க."

கையுறைக்கும் பஞ்சுக்கும் கம்பெனி தராது, அதை மட்டும் நாங்கள் கட்டவேண்டும் என்று என்னென்னவோ சொன்னார். எனக்குக் காது கேட்கவில்லை. மகளைத் தள்ளிக்கொண்டு போன கட்டிலின் சக்கரச் சத்தம்தான் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்து, உடைகிற நிலைமையில் இருந்தது, உடையவில்லை என்றார்.  நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். செங்கல்பட்டிலிருந்து பஸ். ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள், நான் அவள் தோளைப் பிடித்துக்கொள்வேன். திருக்கழுக்குன்றம் தாண்டியபோது அவளாகவே பேச்செடுத்தாள். அவள் அப்பா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

"அஞ்சு வருசமாம்மா?"

"வாய் தவறிடுச்சிடி."

"வாய் தவறலைன்னு எழுதிக் குடுத்தியாமே."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கொஞ்ச தூரம் போனது.

"ஆனா நீ நல்லபடியா உள்ளதைச் சொன்ன," என்றேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "படிச்ச புள்ள. என்னை மாதிரியா?"

 ஒரு வேகத்தடை வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அது தாண்டும்வரை மூச்சை அடக்கி வைத்திருந்தாள்.

"நீ சொன்னதையே சொல்லிடலாம்னுதாம்மா இருந்தேன். அதான் நீ இன்னா சொன்னேன்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"நீ ரெண்டு வருசம்னு சொன்னியா, பத்து வருசம்னு சொன்னியான்னு எனக்குத் தெரியல. ரெண்டு பேரும் வேற வேற பொய் சொன்னா மாட்டிக்குவோமேன்னு உள்ளபடி நேத்துன்னு சொல்லிட்டேன்."

நான் அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. 

வீட்டுக்குப் போனதும் அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து வந்து மகளின் கையில் கொடுத்தேன். படுத்தபடியே படித்துச் சொல்லச் சொன்னேன். முதலில் கடைசிப் பக்கத்தை.